டூல் மாட்டும் துளைத் தகடு: டூ வீலர் பட்டறைக்கு எதை வாங்கலாம்?

சின்ன டூ வீலர் பட்டறையில் பாதி எரிச்சல் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடுவதில்தான் வருகிறது. சுவரில் துளைத் தகடு மாட்டினால் அது தீரும், தகடும் கொக்கியும் சரியாக அமைந்தால்.

ஹார்டுபோர்டு பலகை விலை குறைவுதான். ஆனால் ஆயில் கை பட்டுப் பட்டு, மழைக்கால ஈரமும் ஏறி, துளை ஓரம் பிய்ந்துவிடும். பட்டறைக்கு அது வேண்டாம். பவுடர் கோட்டிங் போட்ட இரும்புத் தகட்டில் 10 மி.மீ. சதுரத் துளை, மையத்துக்கு மையம் 38 மி.மீ. இடைவெளி உள்ளதைக் கேளுங்கள். பரவலாகக் கிடைக்கும் அளவு இது. பின்னால் கொக்கி மட்டும் தனியாக வாங்க வசதி. எதற்கும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பெரும்பாலான செட்டுகளில் மட்டமானது கொக்கிதான். ஒற்றைக் கம்பிக் கொக்கி, ஸ்பேனரை எடுக்கும்போது கூடவே கழன்று வந்துவிடும். இரண்டு கால் இருந்து, பூட்ட ஒரு ஸ்க்ரூவும் உள்ள கொக்கிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், தப்பில்லை. நட்டு, வாஷர் போடும் டப்பாவின் அடியில் முக்கோணக் குறிக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், தாங்கும். 6 என்றால் பாலிஸ்டைரீன். பெட்ரோல் பட்டாலே கீறல் விட்டு உடையும்.

செங்கல் சுவரானால் சாந்து இணைப்பில் துளை போடாமல் செங்கல் நடுவில் போட்டு, ஸ்க்ரூ பிடிக்க 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக் வையுங்கள். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண பிளக் பிடிக்காது. சதுர பைப்பில் ஃபிரேம் அடித்துத் தரையில் நிறுத்துவதே நல்லது. ஓரம் மடிக்காத தகட்டுக்குப் பின்னால் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் கொக்கியின் கால் நுழையாது.

டூல்களை முதலில் தரையில் பரப்பி இடம் பாருங்கள். 10, 12, 14 ஸ்பேனர்கள் நெஞ்சு உயரத்தில், சுத்தியலும் புல்லரும் கீழ் வரிசையில். ஒரு வாரம் புழங்கி இடம் மாற்றியபிறகு, ஒவ்வொரு டூலின் வடிவத்தையும் தகட்டில் பெயின்டால் வரையுங்கள். பலரும் விட்டுவிடும் வேலை இது. கடை சாத்தும்போது காலியான வடிவம் எது என்று பார்த்தாலே எந்த டூல் திரும்பவில்லை, எந்த வண்டியின் சீட்டுக்கடியில் போயிருக்கும் என்று அப்போதே தேடலாம்.

கடலோர ஊர்க்காரர்கள் துளையின் உள்விளிம்பிலும் கோட்டிங் ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.