ஆல்வினா, அலுமினாட்டா? 1964-இன் இரண்டு குட்டி நீர்மூழ்கிகள்

ஆழ்கடலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வேலை செய்யும் குட்டி நீர்மூழ்கி என்றால் இன்று பலரும் ஆல்வினைத்தான் சொல்வார்கள். அதே 1964-இல், அதே அமெரிக்காவில், அதற்குப் போட்டியாக அலுமினாட் என்று இன்னொன்றும் கடலில் இறங்கியது. தாளில் இருக்கும் எண்களை மட்டும் பார்த்தால் ஜெயித்திருக்க வேண்டியது அலுமினாட்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஆல்வின் பிறந்ததே அலுமினாட் கிடைக்காததால்தான். மாசசூசெட்ஸில் இருக்கும் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம் கடற்படைப் பணத்தில் அலுமினாட்டை வாடகைக்கு எடுக்கத்தான் முதலில் பேசிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர், சமையலறை அலுமினிய ஃபாயில் விற்கும் ரெனால்ட்ஸ் அலுமினிய கம்பெனி. பேச்சு முறிந்ததும், சரி, நாமே ஒன்று கட்டிக்கொள்வோம் என்று கிளம்பினார்கள். கட்டிக்கொடுத்தது ஜெனரல் மில்ஸ். ஆமாம், காலைச் சிற்றுண்டிக்குத் தானியம் விற்கும் அதே கம்பெனி, அதன் பொறியியல் பிரிவு. சமையலறை ஃபாயில்காரர் ஒரு பக்கம், தானியக்காரர் மறுபக்கம்!

அலுமினாட்டின் நீளம் 15.5 மீட்டர், எடை சுமார் 80 டன். வார்த்து அடித்த 11 அலுமினிய உருளை வளையங்களை வரிசையாக வைத்து, இரு முனையிலும் அரைக்கோள மூடி போட்டு, போல்ட்டால் முடுக்கியிருந்தார்கள். அவ்வளவு வலுவான அலுமினியக் கலவையை நம்பகமாக வெல்டு செய்ய முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. சுவர் மட்டும் 16 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன். ஆறேழு பேர் போகலாம், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். 4,500 மீட்டர் ஆழத்துக்கு என்று வடிவமைத்தது.

ஆல்வின் 7 மீட்டர்கூட இல்லை. சுமார் 2 மீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டைக்குள் ஓட்டுநர் ஒருவர், ஆய்வாளர் இருவர். மூன்று பேரின் முழங்காலும் ஒன்றோடொன்று இடிக்கும். அப்போது இறங்க முடிந்த ஆழம் சுமார் 1,800 மீட்டர். ஒரே விட்டம், ஒரே தடிமன் என்றால் உருளையின் சுவரில் வரும் இறுக்கத்தில் பாதிதான் உருண்டையின் சுவரில் வரும். அதனால்தான் உருண்டை. ஆனால் பேட்டரி, மோட்டார் எல்லாவற்றையும் தாங்கும் மிதப்பு அதில் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட, நுண்ணிய கண்ணாடிக் குமிழ்களைப் பிசினில் கலந்து இறுக்கிய ஒருவகை நுரைக்கட்டியை வெளியே அடைத்தார்கள். அலுமினாட்டில் உடலே பெரும் மிதவை.

இரண்டும் ஒரே வேலையில் நின்றது 1966-இல். ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பலோமாரஸ் ஊருக்கு மேலே அமெரிக்க பி-52 குண்டுவீச்சு விமானமும், அதற்கு எரிபொருள் நிரப்ப வந்த விமானமும் மோதின. நான்கு ஹைட்ரஜன் குண்டுகளில் ஒன்று கடலில் விழுந்தது. ஆல்வினைப் பிரித்து விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அலுமினாட் கடல் வழியே வந்து சேர்ந்தது. குண்டு விழுந்த இடத்தைக் கண்ணால் பார்த்த உள்ளூர் மீனவர் ஒருவர் காட்டிய திசை பெரிதும் உதவியது. மார்ச் மத்தியில், சேற்றுச் சரிவில் ஏதோ இழுபட்டுப் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், பாராசூட் போர்த்திக் கிடந்த குண்டைக் கண்டது ஆல்வின். சின்ன உடம்பு, சரிவான பள்ளம்: இந்த மாதிரி இடத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அது மேலே போக வேண்டிய நேரத்தில் குண்டுக்குக் காவல் நின்றது அலுமினாட். அதாவது தேட ஆல்வின், தங்க அலுமினாட்.

குண்டைக் கடைசியில் மேலே கொண்டுவந்தது இரண்டுமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏப்ரல் 7 அன்று, ஆளே இல்லாமல் கம்பிவடத்தால் இயங்கும் கர்வ் என்ற எந்திரம் பாராசூட்டில் சிக்கிக்கொண்டது. சிக்கினது சிக்கினபடியே குண்டையும் எந்திரத்தையும் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். பின்னாளில் ஆளேறும் கலங்களின் வேலையில் பெரும்பகுதியைப் பறித்துக்கொண்டது இந்த மூன்றாவது போட்டியாளரின் வாரிசுகள்தான்.

1968 அக்டோபர் 16 அன்று ஆல்வினை இறக்கும்போது தூக்குக் கம்பிகள் அறுந்தன. மூடி திறந்தே இருந்தது. உள்ளே இருந்த மூவரும் வெளியே பாய்ந்து தப்பினார்கள். கலம் சுமார் 1,500 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. மறுவருஷம் அங்கே இறங்கி, திறந்திருந்த வாயில் ஒரு குறுக்குக் கம்பியை நுழைத்து மாட்டியது யார்? அலுமினாட்! மிசார் என்ற கப்பல் இழுத்து மேலே கொண்டுவந்தது. பத்து மாதம் கடலடியில் கிடந்த மதியச் சாப்பாட்டு சாண்ட்விச் ஊறியிருந்ததே தவிர கெட்டுப்போகவில்லை. குளிரிலும் அழுத்தத்திலும் நுண்ணுயிர்கள் எவ்வளவு மெதுவாக வேலை செய்கின்றன என்று ஒரு ஆராய்ச்சியே அதிலிருந்து கிளம்பியது.

போட்டியாளரைத் தூக்கிக் காப்பாற்றிய அலுமினாட் 1970-இல் ஓய்வு பெற்றது. ஆறு வருஷம், அவ்வளவுதான்.

ஏன்? என் கணிப்பில் முதல் காரணம் எடை. 80 டன்னைத் தாய்க்கப்பலின் மேல்தளத்துக்குத் தூக்க முடியாது. வேலை இடம்வரை கடலில் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆல்வினுக்கு லுலு என்ற இரட்டை உடல் கப்பல் இருந்தது. கடற்படை கழித்துப்போட்ட மிதவைகளில் கட்டிய விகாரமான கப்பல்தான், ஆனால் நடுவில் கலத்தை இறக்கி ஏற்றும். கலம் சின்னதாக இருப்பதன் அருமை 1973-இலும் தெரிந்தது. அயர்லாந்துக்குத் தென்மேற்கே 480 மீட்டர் ஆழத்தில் மாட்டிய பைசீஸ் 3 என்ற குட்டி நீர்மூழ்கியிலிருந்து இரண்டு பேரை 76 மணி நேரத்துக்குப் பிறகு மீட்டார்கள் என்றால், அதன் சகோதரக் கலம் ஒன்றைக் கனடாவிலிருந்து விமானத்தில் கொண்டுவர முடிந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இன்னொன்று, ஆல்வினில் எதையும் கழற்றி மாற்றலாம். 1973-இல் எஃகு உருண்டைக்குப் பதில் டைட்டானியம் உருண்டை வைத்ததும் ஆழம் இரட்டித்து 3,600 மீட்டர் ஆனது. 1977-இல் கலாபகோஸ் அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளையும், சூரிய ஒளியை நம்பாமல் அவற்றைச் சுற்றி வாழும் உயிர்களையும் பார்த்தது, 1986-இல் டைட்டானிக் வரை போனது. இப்போது 6,500 மீட்டர். அலுமினாட்டின் உருளை உடலை இப்படிப் படிப்படியாக மாற்ற வழியில்லை. நுரைக்கட்டி சூழ்ந்த உருண்டை, மூன்று பேர், தாய்க்கப்பல் என்ற இதே ஏற்பாட்டில்தான் பிரான்சின் நோட்டீல் முதல் சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் மத்ஸ்யா 6000 வரை வந்திருக்கின்றன. மத்ஸ்யாவின் உருண்டையும் 2.1 மீட்டர்தான்.

ஆனால் அலுமினாட்டுக்காகவும் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஆல்வினுக்குக் கடற்படை பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. தனியார் கலமான அலுமினாட் ஒவ்வொரு வேலைக்கும் வாடிக்கையாளரைத் தேட வேண்டியிருந்தது. என்னை உள்ளே ஏற்றி ஒரு முழுநாள் கீழே இருக்கச் சொன்னால், காலை நீட்ட இடமுள்ள அலுமினாட்டைத்தான் கேட்பேன். அது இப்போது வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகர அறிவியல் அருங்காட்சியகத்தில், தரையில் நிற்கிறது.