கட்டட அனுமதிப் பட்டியல் விற்கிறவர்களிடம் ஜாக்கிரதை: என் 22,500 ரூபாய் போய்விட்டது

ஆத்திரம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர்கள், சுண்ணாம்புப் பூச்சு எடுத்துச் செய்கிறவர்கள், தச்சர்கள், பெயின்டர்கள் எல்லோரும் படியுங்கள். "வரைபட அனுமதி வாங்கியவர்களின் பட்டியலை வாராவாரம் அனுப்புகிறோம், வேலை தேடி நீங்கள் அலைய வேண்டாம்" என்று ஓர் ஆன்லைன் சேவை கிளம்பியிருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் போடவில்லை. ஆண்டுச் சந்தா 22,500 ரூபாய். மொத்தமாக முன்பணம்.

யோசனை ஒன்றும் கெட்டதில்லை. அமெரிக்காவில் சிகாகோ, நியூயார்க் போன்ற நகரங்கள் கட்டட அனுமதிகளை எல்லோரும் பார்க்கும்படி இணையத்திலேயே போட்டுவிடுகின்றன. எந்த முகவரியில் என்ன வேலை என்பதெல்லாம் அதில் இருக்கும். கூரை வேலை, பெயின்ட் வேலை செய்கிறவர்கள் அதைப் பார்த்து வீட்டுக்காரரைப் பிடிக்கிறார்கள். போனில் பேசிய பையன் இதைத்தான் சொன்னான். "நம் ஊரிலும் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை வந்துவிட்டது அண்ணே. 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. தினமும் புதுப்புது வீடு!" திட்டம் உண்மை. அதனால்தான் பேச்சு எடுபட்டது.

அதோடு விட்டிருந்தால்கூட நான் பணம் கட்டியிருக்க மாட்டேன். வாட்ஸ்அப்பில் இலவச மாதிரி என்று ஒரு தாள் அனுப்பினான். அதில் கோட்டையூரில் ஒரு வீடு. மனை அளவு, தெரு, உரிமையாளர் பெயர் எல்லாம் அச்சு அசலாகச் சரி. அந்த வீட்டுக்கு மண் அடித்த டிராக்டர்காரர் எனக்குத் தெரிந்தவர், அவரிடம் கேட்டும் பார்த்தேன். ஒன்று சரியாக இருந்தால் மற்றவையும் சரியாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அன்று சாயங்காலமே 22,500 ரூபாயை அனுப்பினேன். ஆத்தங்குடியில் கல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்த பணம் அது.

பிறகு வந்த பட்டியலின் லட்சணத்தைக் கேளுங்கள். ஒரே மனை, கதவு எண்ணை மட்டும் மாற்றி மூன்று வரிகளில். உரிமையாளர் எண் என்று கொடுத்திருந்ததை அழைத்தால் வரைபடம் போட்ட இன்ஜினியர் எடுக்கிறார், "உங்களுக்கு யார் என் நம்பரைக் கொடுத்தது?" என்று சத்தம் போடுகிறார். 'அடித்தளம் தோண்டும் நிலை' என்று போட்டிருந்த கானாடுகாத்தான் வீட்டுக்கு வெயிலில் போனேன். வாசலில் கிரகப்பிரவேச மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்குகிறது. உள்ளே தளம் முழுக்க வெள்ளை வெளேரென்று வெட்ரிஃபைடு டைல்ஸ். அந்த வீட்டு ஆச்சி மோர் கொடுத்துவிட்டு, "இதே தாளை வைத்துக்கொண்டு எத்தனை பேர்தான் வருவீர்கள் தம்பி?" என்று கேட்டார்கள். ஒரே பட்டியலை ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் விற்றிருக்கிறார்கள்!

உச்சகட்டம் இனிமேல்தான். 'பழைய செட்டிநாட்டு வீடு புதுப்பிப்பு அனுமதிகள்' என்று தனிப் பக்கம் வைத்திருந்தார்கள். நான் ஆசைப்பட்டதே அதற்குத்தான், என் தொழிலே அந்த வீடுகள்தானே. அந்தப் பக்கத்தை ஓர் இன்ஜினியரிடம் காட்டினேன், சிரித்துவிட்டார். 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி பூச்சு, தளம் மாற்றுவது, ஓடு மாற்றுவது போன்ற பழுதுபார்ப்புக்கு அனுமதியே தேவையில்லையாம். வாங்காத அனுமதிக்கு ஏது பதிவேடு? அந்தப் பக்கம் முழுவதும் கற்பனை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து மரியாதை தலைகீழாகிவிட்டது. பணம் கட்டும்வரை 'அண்ணே'. கட்டிய மறுநாள் 'சார்'. புகார் சொன்னதும் நான் வெறும் புகார் எண். "தரவு அரசுடையது, நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். பிறகு "உங்கள் மாவட்டத்துக்குப் புதுப்பிப்பு நடக்கிறது" என்றார்கள். இது சிவகங்கை மாவட்டம் என்று நான் சொன்னால், "புதுக்கோட்டை அணிக்கு மாற்றுகிறோம்" என்று ஒருத்தி போனை வைத்தாள். மேலாளர் 'கூட்டத்தில்' இருக்கிறார், எந்நேரமும் இருக்கிறார். கடைசியில் ஒரு மின்னஞ்சல்: சந்தாவைத் திருப்பித் தர விதி இல்லை, வேண்டுமானால் இன்னும் 4,000 ரூபாய் கட்டி 'பிரீமியம்' பட்டியலுக்கு மாறலாம். 22,500 ரூபாயை விழுங்கியவர்களுக்கு இன்னும் 4,000 வேண்டுமாம்! நேற்று என் எண்ணையும் முடக்கிவிட்டார்கள். சித்திரைச் சலுகை விளம்பரம் மட்டும் தவறாமல் வருகிறது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். மாதிரித் தாளை நம்பாதீர்கள், அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவதுதான் மாதிரி. ஆண்டுச் சந்தா கட்டவே கட்டாதீர்கள். அனுமதி வாங்கும்போதே இன்ஜினியரும் பெரும்பாலும் கொத்தனாரும் முடிவாகிவிடுவார்கள், நம்மைப் போலக் கடைசி வேலைக்காரர்களுக்குச் சென்ட்ரிங் (கான்கிரீட் தளத்தைத் தாங்கும் பலகை, முட்டு) பிரித்த வீட்டைப் பார்த்து மேஸ்திரியிடம் பேசுவதுதான் பலன் தரும். அனுமதி விவரம் வேண்டுமென்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் போன் எண்ணை மட்டும் அதில் எதிர்பார்க்க வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டிலும் புகார் கொடுத்துவிட்டேன். இதே பட்டியலுக்குப் பணம் கட்டியவர்கள் பணம் அனுப்பிய ரசீதோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்ந்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.