உறையைக் கழற்றிப் பார்க்காமல் குழந்தைக்கு கார் சீட் வாங்காதீர்கள்

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து மாதம், எடை எட்டரை கிலோ. மனைவியின் அம்மா வீடு லாஸ்பேட்டையில், அதனால் மாதத்தில் ரெண்டு தடவையாவது புதுச்சேரிக்குக் காரில் போவோம். "மடியில வச்சிக்கிட்டா போதாதா, பிள்ளைய எதுக்குக் கட்டிப் போடுறீங்க" என்று அத்தை ஒவ்வொரு முறையும் கேட்பார். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி நின்றால், எட்டரை கிலோ குழந்தை அந்தக் கணத்தில் நூறு கிலோவுக்கு மேல் கனத்தோடு கையை விட்டுப் போகும். எந்த அம்மாவாலும் பிடிக்க முடியாது. அதனால்தான் சீட் வாங்கியே ஆகவேண்டும் என்று நின்றேன்.

புதுச்சேரியில் ஒரு குழந்தைப் பொருள் கடை. பெயர் சொல்லவில்லை. புது சீட் பதினெட்டாயிரம் என்றார்கள். நான் தயங்கியதைப் பார்த்து, கடைக்காரர் உள்ளேயிருந்து இன்னொன்றை எடுத்து வந்தார். "தம்பி, இது பிரான்சுலேர்ந்து வந்த பீஸ். ஒரு ஃபேமிலி லீவுக்கு வந்தப்போ கொண்டாந்து, ரெண்டே மாசம் யூஸ் பண்ணிட்டு விட்டுட்டுப் போனாங்க. புதுசு மாதிரி." இந்த ஊரில் பாதி வீட்டுக்குப் பிரான்சில் ஒரு சொந்தக்காரர் இருப்பார், அதனால் நம்பிவிட்டேன். துணி சுத்தமாக இருந்தது, சோப்பு வாசனை அடித்தது. பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஐரோப்பிய முத்திரை ஸ்டிக்கர். "போலீஸ் பிடிச்சா ஆயிரம் ரூபா ஃபைன், இது இருந்தா ஒருத்தனும் கேட்க மாட்டான்" என்றார். அபராதம் உண்மைதான், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பதினாலு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஒன்பதாயிரத்து ஐந்நூறை ஜிபே பண்ணினேன். துண்டுச் சீட்டில் "பேபி சீட் 1" என்று எழுதிக் கொடுத்தார். பில் கேட்டதற்கு, "போட்டா ஜிஎஸ்டி சேரும் தம்பி" என்றார். அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

காரில் பொருத்தியதும் அவர்தான். பிள்ளை நன்றாக உட்காருகிறாள், முன்னால் பார்த்தே போடலாம் என்று மாட்டிக் கொடுத்தார்.

மூன்றாவது பயணத்தில், திரும்பி வரும்போது கிருமாம்பாக்கம் தாண்டியதும் மகள் வாந்தி எடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து துவைக்கலாம் என்று சீட்டின் உறையைக் கழற்றினேன். ஓரத்தில் ஆறு எலாஸ்டிக் கொக்கி, ஒவ்வொன்றாக விடுவித்தால் துணி முழுசாக வந்துவிடும். தலை சாய்கிற பக்கத்தில் தெர்மாகோல் ரெண்டாக உடைந்து, பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. டேப் மேல் மண் படிந்து கறுத்திருந்தது, யாரோ ரொம்ப நாள் முன்பே ஒட்டியிருக்கிறார்கள். பெல்ட் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக்கை மடக்கினால் வெளுக்குமே, அந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கோடு.

கை நடுங்கியது. பாரிசில் இருக்கிற அத்தை மகனுக்கு வீடியோ கால் போட்டேன். "மச்சான், தலைகீழாத் திருப்பு" என்றான். அடியில் பிளாஸ்டிக்கிலேயே கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் அச்சாகியிருந்தது. சுற்றிலும் 1 முதல் 12 வரை எண், நடுவில் அம்புக்குறி, அதன் இரு பக்கமும் 1, 2 என்று இரண்டு இலக்கம். அம்பு 7-ல் நின்றது. 2012 ஜூலையில் வார்த்த சீட். பெரும்பாலான கம்பெனிகள் ஆறிலிருந்து பத்து வருஷம்தான் கணக்கு வைக்கின்றன, அதற்கு மேல் பிளாஸ்டிக்கை நம்ப முடியாது. அந்த உடைசலும் வெள்ளைக் கோடும் பார்த்தால் ஏதோ விபத்தில் சிக்கியது போலிருந்தது. அப்படிச் சிக்கிய சீட்டை ஒரு நாள் பழசாக இருந்தாலும் போடக்கூடாது. அந்தத் தெர்மாகோல் தான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதற்கு வைத்தது. ஒரு தடவை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது.

ஸ்டிக்கரும் பொய். ஆர்44 என்ற பழைய ஐரோப்பிய விதிப்படி வந்த உண்மையான முத்திரையில், வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் பக்கத்தில் நாட்டு எண்ணும் இருக்கும், ஜெர்மனிக்கு 1, பிரான்சுக்கு 2 என்று. கீழே உள்ள அனுமதி எண் 03 அல்லது 04 என்று தொடங்கும். குழந்தையின் எடை வரம்பும் அச்சாகியிருக்கும். என்னுடையதில் ஈ மட்டும் இருந்தது, எண் இல்லை. 'யுனிவர்சல்' என்ற சொல்லில் ஓர் எழுத்தையே விட்டிருந்தார்கள். நகத்தால் சுரண்டினேன், அடியில் பழைய ஸ்டிக்கரைப் பிய்த்த பசை.

முன்னால் பார்த்து மாட்டியதும் தப்பு என்று மச்சான்தான் சொன்னான். இந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், கழுத்தெலும்பு இன்னும் முழுசாகக் கெட்டிப்படவில்லை. பின்னால் பார்த்து உட்கார்ந்தால் மோதலின் அடியை முதுகு முழுக்க சீட்டே தாங்கும். புது ஐரோப்பிய விதியில் பதினைந்து மாதம் வரை அப்படித்தான் இருக்கவேண்டும். அதற்குப் பிறகும் சீட்டின் அளவு விடுகிறவரை அப்படியே வைப்பது நல்லது.

இப்போது பில்லோடு, பெட்டி பிரிக்காத சீட் வாங்கி, பின் இருக்கையில் பின்னால் பார்த்துப் போட்டிருக்கிறேன். முன் இருக்கையில் ஏர்பேக் இருந்தால் அங்கே பின்னால் பார்க்கிற சீட்டை வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடித்து நேராக சீட்டின் முதுகில் அடிக்கும். மாட்டிய பிறகு பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையவில்லை. தோள் வார் அவள் தோளுக்குச் சமமான துளையில் வருகிறது, பின்னால் பார்க்கும்போது தோளுக்கு மேலே போகக்கூடாது. தோளெலும்புப் பக்கம் வாரை விரலால் கிள்ளிப் பார்க்கிறேன், கிள்ளி மடிக்க வரக்கூடாது.

பழைய சீட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில், "வாங்கும்போது நல்லாத்தானே தம்பி இருந்துச்சு" என்றார். வட்டத்தைக் காட்டியதும் குரல் இறங்கியது. "சரி, விட்டுட்டுப் போங்க, நாலாயிரம் தர்றேன்." விட்டுவிட்டு வந்தால் அதற்கு வேறு துணி மாட்டி, புது ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த வாரம் இன்னொருத்தர் பிள்ளைக்கு விற்பார். "வேணாம்ணே" என்று திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கிற ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது, அதனால் கடலூரிலேயே போடப்போகிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. பில் இல்லாததற்கு ஜிபே பதிவும் அந்தத் துண்டுச் சீட்டும்தான் கையில் இருக்கின்றன. சீட்டைப் பிரித்தபடியே படம் எடுத்து, சாக்கில் கட்டிப் பரண் மேல் போட்டிருக்கிறேன். வழக்கு முடிகிற அன்றைக்கு வார்களை வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவேன்.