டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்: மெயின் ஜெட்டா, ஊசியா, வேறு கார்புரேட்டரா?

வண்டி நடுவில் திக்குகிறது என்றால் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள மெயின் ஜெட்டில்தான். கழற்றுவது சுலபம், மேலே எண் பளிச்சென்று இருக்கும், மாற்றிய திருப்தியும் கிடைக்கும். ஆனால் கல்லும் வேரும் நிறைந்த காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர் முழு த்ராட்டிலில் எவ்வளவு நேரம் இருப்பார்? மிகக் குறைவு. மோட்டோகிராஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கும் மணல் மேட்டில் ஏற்றுகிறவருக்கும் மெயின் ஜெட் முக்கியம். எண்டியூரோ, டிரெயில் ஓட்டுகிறவரின் நல்லதும் கெட்டதும் அரை த்ராட்டிலுக்குக் கீழேயே முடிந்துவிடும். எந்த வழி சரி என்று ஒப்பிடும்போது என் கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் ஒரு சின்ன வேலை. த்ராட்டில் கேபிள் உள்ளே போகும் உறையின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று பேனாவால் கோடு போடுங்கள். ரப்பர் பிடியின் ஓரத்தில் ஒற்றைக் கோடு. வழக்கமான பாதையில் ஒரு சுற்றுப் போய், திக்கும் இடத்தில் குனிந்து பாருங்கள். “அரை த்ராட்டிலில்தான் பிரச்சினை” என்று அடித்துச் சொல்கிறவர்களின் கோடு பல நேரம் காலைக்கூடத் தொட்டிருக்காது. கைக்கு அரை போலத் தோன்றுவது, ஊசியைத் தாங்கிக்கொண்டு கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஸ்லைடுக்குக் கால்தான்.

மெயின் ஜெட் எதிர் ஊசி

மெயின் ஜெட்டை மாற்றியும் கால் த்ராட்டிலில் ஏன் ஒன்றும் மாறவில்லை? பெட்ரோல் இரண்டு வாசல்களைத் தாண்டி மேலே வருகிறது. கீழ் வாசல் மெயின் ஜெட்டின் துளை. மேல் வாசல், நீடில் ஜெட்டின் சுவருக்கும் உள்ளே தொங்கும் ஊசிக்கும் நடுவில் உள்ள மெல்லிய வளைய இடைவெளி. எது குறுகலோ அதுதான் அளவைத் தீர்மானிக்கும். கால் த்ராட்டிலில் ஊசியின் தடித்த பகுதி இன்னும் உள்ளேயே இருக்கும். அந்த வளையம் மெயின் ஜெட்டின் துளையைவிடப் பல மடங்கு சிறியது. அங்கே 170-ஐ எடுத்துவிட்டு 175 போட்டாலும் இன்ஜினுக்குத் தெரியாது. முக்கால் தாண்டி, ஊசியின் கூர்மையான முனை மேலே வந்து வளையம் அகலமான பிறகுதான் மெயின் ஜெட் பேச ஆரம்பிக்கும்.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மெயின் ஜெட்டின் எண்ணைத் துளையின் விட்டமாக எடுத்துக்கொண்டால், 170-லிருந்து 172-க்குப் போகும்போது துளையின் பரப்பு 2.4 சதவீதம்தான் கூடுகிறது. ஊசியின் தடிமனோ நூறில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே அந்த மெல்லிய வளையத்தின் பரப்பு அதைவிட அதிகமாக மாறிவிடும். அதனால்தான் கெய்ஹின் நிறுவனத்தின் கார்புரேட்டர் ஊசிகளில் ஒரே நீளம், ஒரே சரிவு, நேர்ப்பகுதியின் தடிமன் மட்டும் நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்று வரிசையாகச் செய்கிறார்கள். பெரும்பாலும் குறியீட்டின் கடைசி எழுத்து அந்தத் தடிமனைச் சொல்லும்.

இங்கே இன்னொரு குழப்பம் உண்டு. கால் த்ராட்டிலில் பெட்ரோல் அதிகமாகி வண்டி பொருபொருக்கிறது. உடனே ஊசியின் தலையில் உள்ள கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றி ஊசியை இறக்குகிறார்கள். அரை த்ராட்டில் லீனாகிவிடுகிறது (பெட்ரோல் குறைந்துவிடுகிறது), கால் த்ராட்டில் அப்படியே இருக்கிறது. ஊசியின் நேர்ப்பகுதியை மேலே தூக்கினாலும் கீழே இறக்கினாலும் தடிமன் ஒன்றுதானே. சரிவு எப்போது தொடங்குகிறது என்பதைத்தான் கிளிப் மாற்றும். கால் வரைக்கும் தகராறு என்றால் தடிமன் வேறான ஊசி வேண்டும். காலிலிருந்து முக்கால் வரை தகராறு என்றால் கிளிப் போதும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆகவே டிரெயில் வண்டிக்கு இந்தப் போட்டியில் என் ஓட்டு ஊசிக்குத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: மெயின் ஜெட் தேவைக்கு மேல் சிறியதாக இருந்தால் வண்டி காட்டில் நன்றாகவே ஓடும். என்றைக்காவது நீளமான மண் சாலையில் முழுதாகத் திருகும்போது பிஸ்டன் ஜாம் ஆகும். எனவே மெயின் ஜெட்டைக் கொஞ்சம் ரிச் (பெட்ரோல் கூடுதல்) பக்கமாக வைத்துவிட்டு மற்றதில் நேரத்தைச் செலவிடலாம்.

பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும்

ஐடிலிலும் த்ராட்டில் சற்றே திறந்திருக்கும்போதும் பெட்ரோல் தருவது பைலட் ஜெட். இதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. இலவசமாகச் செய்யக்கூடிய சோதனை என்பதால் எல்லோரும் இங்கிருந்தே தொடங்கவேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலைச் சற்று உயர்த்தி வையுங்கள். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே உட்காரும் வரை திருகி, பிறகு கால் சுற்றுக் கால் சுற்றாக வெளியே எடுங்கள். ஐடில் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அதுதான் இடம். ஒரு சுற்றுக்கும் இரண்டரைச் சுற்றுக்கும் நடுவில் அது விழுந்தால் பைலட் சரி. ஒரு சுற்றுக்குள்ளேயே உச்சம் வந்தால் பெரிய பைலட் வேண்டும். இரண்டரையைத் தாண்டியும் ஐடில் ஏறிக்கொண்டே போனால் சிறியது.

ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்தால் அது காற்றை விடுகிறது: வெளியே எடுத்தால் லீன். இன்ஜின் பக்கமாக இருந்தால் பெட்ரோலை விடுகிறது: வெளியே எடுத்தால் ரிச். சில கார்புரேட்டர்களில் இப்படித் தலைகீழாக இருக்கும்.

பைலட் லீனாக இருப்பதில் ஒரு தனி ஆபத்து உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் வருவது பெட்ரோலோடு சேர்ந்துதான். நீளமான இறக்கத்தில் கியரில் போட்டு த்ராட்டிலை மூடிக்கொண்டு வந்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், உள்ளே போகும் ஆயிலோ சொட்டுக் கணக்கில்தான். பைலட்டும் சிறியதாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இறங்கும்போது அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறை த்ராட்டில் கொடுப்பது அதற்காகத்தான்.

ரிச்சா, லீனா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது

பிளக் நிறம் பார்ப்பதை எல்லோரும் சொல்வார்கள். இன்றைய பெட்ரோலில் நிறம் ஏற நேரம் பிடிக்கும். அதுவும் மெயின் ஜெட்டுக்குப் பார்க்கவேண்டிய இடம் பீங்கானின் நுனியல்ல, ஆழத்தில் உள்ள அடிவளையம். காட்டில் நின்று பார்க்க அது தோதுப்படாது. காதை நம்புவது மேல். ரிச் என்றால் ஈரமான, தடித்த சத்தம். பொருபொருத்துவிட்டுக் கொஞ்சம் ரேஸ் செய்ததும் தெளிந்துவிடும். லீன் என்றால் திடீரென்று கொடுக்கும்போது ஒரு நொடி வெறுமை, பிறகு சட்டென்று பிடிப்பது, அல்லது த்ராட்டிலை விட்ட பிறகும் ஐடில் இறங்காமல் தொங்குவது.

சந்தேகம் தீரவில்லை என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தகராறு செய்கிற அந்தக் கால் த்ராட்டிலிலேயே ஓட்டுங்கள். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கப்பில் அது இறங்க இறங்கக் கலவை லீனாகிக்கொண்டே போகும். நிற்கப் போகும் முன்பு வண்டி திடீரென்று அழகாக இழுத்தால், அதுவரை ரிச்சாக இருந்தது என்று பொருள். முழு த்ராட்டிலில் இந்த விளையாட்டு வேண்டாம்.

அப்புறம், ஐடில் தொங்கினால் உடனே ஜெட் வாங்க ஓடாதீர்கள். கிராங்க் சீல் காற்று இழுக்கிறதா, ரீட் வால்வின் இதழ் பிளந்திருக்கிறதா, ஃப்ளோட் உயரம் சரியா என்று பார்த்துவிடுங்கள். ஓட்டை உள்ள இன்ஜினுக்கு ஜெட் மாற்றுவது வீண் வேலை.

உதிரி ஜெட்களா, கிட்டா

ஜேடி ஜெட்டிங் போன்ற கிட்களில் இரண்டு ஊசி, சில மெயின், சில பைலட், கூடவே வெப்பத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ற அட்டவணை வரும். பொறுமை இல்லாதவருக்கு இது நல்ல குறுக்குவழி. ஊசியின் சரிவை யாரோ ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சைலன்ஸர், ரீட், ஹெட் ஏதாவது மாற்றிய வண்டிக்கு அந்த அட்டவணை ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. எங்கே தகராறு என்று டேப் கோடு வைத்துக் கண்டுபிடித்துவிட்டவருக்கு ஒற்றை ஊசி போதும், கிட் தேவையில்லை. ஒன்று மட்டும்: கெய்ஹின் எண்ணும் மிக்குனி எண்ணும் வேறு வேறு. ஒன்றின் எண்ணைப் பார்த்து மற்றதில் போடாதீர்கள்.

ஜெட்டே இல்லாத கார்புரேட்டர்

லெக்ட்ரான், ஸ்மார்ட்கார்ப் இரண்டும் வேறு கட்சி. பைலட், மெயின் என்று தனித்தனி ஜெட் கிடையாது. ஒரு பக்கம் தட்டையாகச் சீவிய கம்பி ஒன்று ஸ்லைடோடு மேலே ஏறும். அந்தச் சீவல்தான் ஐடிலிலிருந்து மேல் வரை பெட்ரோலை அளக்கிறது. கம்பியைக் கால் சுற்றுத் திருகினால் மொத்தக் கலவையும் நகரும்.

இதன் உண்மையான பலன் தெரிவது உயரம் மாறும்போது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. 0 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு வெப்பம் ஏறினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஜெட் போட்ட கார்புரேட்டர் இரண்டிலும் ரிச்சாகிவிடும். ஒரே நாளில் அடிவாரத்தில் தொடங்கி மேலே 2,000 மீட்டர் வரை போகிறவருக்கு ஜெட் மாற்றிக்கொண்டே இருப்பது தொல்லை. கம்பிக் கார்புரேட்டர்கள் இந்த மாற்றத்தைப் பெருமளவு தாங்கிக்கொள்கின்றன, முழுவதும் அல்ல.

குறையும் இருக்கிறது. சீவல் உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தவில்லை என்றால், கால் த்ராட்டிலை மட்டும் தனியாகத் திருத்த வழி இல்லை. வேறு சீவல் உள்ள கம்பிதான் வாங்கவேண்டும். ஜெட்டில் ஒரு பகுதியை மட்டும் தொட்டு மற்றதை விட்டுவிடலாம். ஒரே உயரத்தில், ஒரே மாதிரி பருவத்தில் ஓட்டுகிறவர் நன்றாக ஜெட் போட்ட பிடபிள்யூகே-யை (கெய்ஹினின் கார்புரேட்டர் மாடல்) தூக்கிப் போட எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இன்ஜெக்‌ஷன்

கேடிஎம் 2017 மாடலில் கெய்ஹினை விட்டு மிக்குனி டிஎம்எக்ஸ்-க்குப் போனது. பலர் பழைய பிடபிள்யூகே-யைத் தேடிப் பொருத்திக்கொண்டார்கள். 2018 மாடலில் 250, 300 இஎக்ஸ்சி வண்டிகளில் கார்புரேட்டரே போய், சிலிண்டரின் டிரான்ஸ்ஃபர் வழியில் பெட்ரோலைத் தெளிக்கும் முறை வந்தது. ஆயிலுக்குத் தனி டேங்க். உயரம், வெப்பம் எல்லாவற்றையும் சென்சாரே பார்த்துக்கொள்ளும். அதற்கு அடுத்த தலைமுறையில் தெளிப்பான்கள் த்ராட்டில் பாடிக்கு நகர்ந்தன. யமஹா ஒய்இசட்250-ஓ இன்னும் கெய்ஹின் பிடபிள்யூகே38எஸ், கிக் ஸ்டார்ட் என்று பிடிவாதமாக நிற்கிறது. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

மலை ஏறி இறங்குகிறவருக்கு இன்ஜெக்‌ஷன் நிச்சயம் மேல். காட்டின் நடுவில் பெட்ரோல் பம்ப் படுத்துவிட்டால் மட்டும் கையில் இருக்கும் ஸ்பேனர் எதற்கும் உதவாது. கார்புரேட்டரில் அடைத்த பைலட்டை ஊதிவிட்டு வீடு வந்துவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், சோதிக்கும் காலத்தில் ஆயில் கலவையை மாற்றாதீர்கள். யமஹா ஒய்இசட்-க்கு 30:1 (30 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) என்கிறது, கேடிஎம் தன் 250, 300 கார்புரேட்டர் வண்டிகளுக்கு 60:1 என்றது. ஆயில் கூடினால் அதே துளை வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், கலவை லீன் பக்கம் நகரும். 60:1-ல் போட்ட ஜெட்டை 30:1-ல் சோதித்துவிட்டு ஊசி சரியில்லை என்று கழற்றினால், மாற்றவேண்டியது ஊசியல்ல, பெட்ரோல் கேனில் இருப்பது.