கார் ஷெட்டுக்குக் காற்றோட்டம்: டர்போ வென்டிலேட்டரா, எக்ஸாஸ்ட் ஃபேனா?

சென்னையில் கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டின் கார் ஷெட், ஷட்டரை இறக்கிவிட்டால் வெக்கையும் பெட்ரோல் வாடையும் தேங்கும் அறையாக இருந்தது. சுவரில் துளைகள் கொண்ட வெறும் ஜாலி, கூரையில் சுழலும் உருண்டைக் கூண்டான டர்போ வென்டிலேட்டர், சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் என்ற மூன்றில் நாங்கள் ஃபேனையே தேர்ந்தெடுத்தோம்.

ஜாலி மலிவானதுதான், ஆனால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் திறந்த வெளியைப் பார்த்திருந்தால்தான் அது மட்டும் போதும். டர்போ வென்டிலேட்டருக்கு மின்செலவே இல்லை. வீசும் காற்றாலும் உள்ளிருந்து மேலெழும் சூட்டாலும் அது சுழலும். ஷீட் கூரைக்கு நன்றாகப் பொருந்தும் அதை எங்களுடையதுபோன்ற கான்கிரீட் தளத்தில் வைக்க வேண்டுமானால், தளத்தைத் துளைத்துவிட்டு ஒவ்வோர் ஐப்பசி மழைக்கும் ஒழுகலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. உப்புக்காற்றில் பேரிங் துருப்பிடித்துக் கிறீச்சிடத் தொடங்கினால், டர்போவைக் கழற்ற ஏணியோடு ஆள் வர வேண்டும். அவ்வளவு சின்ன வேலைக்கு யாரும் எளிதில் வருவதில்லை. ஃபேனையோ, மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஸ்டூலில் ஏறி, இறக்கைகளில் படிந்த கரும்பிசுக்கைச் சோப்புத்தண்ணீர்த் துணியால் நாமே துடைத்துவிடலாம். இருபதடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் என்றால் 2,000 கன அடி. மணிக்கு ஆறு முறை காற்றை மாற்ற நிமிடத்துக்கு 200 கன அடி போதும் என்பதால், சாதாரண 9 அங்குல ஃபேனே சமாளித்துவிடும்.

ஃபேன் மேலே இருந்தாலும், காற்று நுழையும் ஜாலி எதிர்ச்சுவரில் தரையை ஒட்டியே இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். ஜாலியில் அடிக்கும் கொசுவலை தூசியால் அடைபட்டால் ஃபேன் வீணாகச் சுற்றும். வலைக்கு உட்புறம் தொங்கவிட்ட காகிதத் துண்டு அசையவில்லையென்றால் வலையைக் கழுவும் நேரம் வந்துவிட்டது. ஃபேன் இருக்கிறதே என்று ஷட்டரை மூடிக்கொண்டு எஞ்சினை ஒருபோதும் ஓடவிடக் கூடாது. எஞ்சின் புகையிலுள்ள நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

மின்வெட்டில் ஃபேன் நின்றுவிடும் என்பது உண்மையான குறைதான். மேலும், என் பட்டறிவு கடலோரக் கான்கிரீட் தளத்தோடு நின்றுவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவைப் பக்கத்து ஷீட் கூரைகளுக்கு டர்போவே மேலாக இருக்கக்கூடும்.