'லண்டன் காலிங்': இரண்டாம் பக்கத்துக்காகவே வாங்கலாம்

சமூக அக்கறை என்று அறிவித்துக்கொண்டு வரும் ஆல்பங்களில் பாதிக்கு மேல் எனக்குச் சலிப்புத் தட்டும். கோஷம் இருக்கும், பாட்டு இருக்காது. பிரிட்டிஷ் பங்க் ராக் குழுவான தி க்ளாஷின் 'லண்டன் காலிங்' அந்த ரகம் இல்லை. 1979 டிசம்பரில் பிரிட்டனில் வெளியான இந்த இரட்டை இசைத்தட்டை இன்றைக்கும் உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறேன். பங்க் என்றாலே வெறும் இரைச்சல் என்று ஒதுங்குபவர்களுக்கும் இதைத்தான் முதலில் கொடுப்பேன்.

அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்தது. மே மாதம் மார்கரெட் தாட்சர் பிரதமரானார். நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சி தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலம். அணு பயம், தேம்ஸ் நதி வெள்ளம் எல்லாம் முதல் பாட்டிலேயே வந்துவிடும். ஆனால் சொல்லுக்கு முன்னால் நம்மைப் பிடிப்பது கிட்டார்தான். ராணுவ நடை போல வெட்டி வெட்டி விழும் கிட்டார் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), அதன் அடியில் சரிந்து இறங்கும் பேஸ் கிட்டார். பாட்டு தேய்ந்து அடங்கும்போது மோர்ஸ் தந்திக் குறியில் எஸ்.ஓ.எஸ். என்ற ஆபத்து அழைப்பு துடிக்கிறது. எச்சரிக்கை என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியதே இல்லை.

என் மனசு நிற்பது இரண்டாம் பக்கத்தில், அதாவது முதல் தட்டின் மறுபக்கத்தில், அதிலும் அதன் கடைசி மூன்று பாட்டுகளில். 'லாஸ்ட் இன் தி சூப்பர்மார்க்கெட்' குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் எழுதியது, இன்னொரு உறுப்பினர் மிக் ஜோன்ஸ் பாடியது. வேலிக்கு அப்பால் எட்டிப் பார்க்க முடியாமல் வளர்ந்த பையன், பெரியவனான பிறகு சலுகைக் கூப்பன்களுக்கு நடுவே தன்னைத் தேடுகிறான். ஜோன்ஸ் குரலை உயர்த்தாமல், கிட்டத்தட்ட கெஞ்சுகிற மாதிரி பாடுகிறார். அடுத்ததாக 'க்ளாம்ப்டவுன்'. வேலை, சம்பளம், கையில் கொஞ்சம் அதிகாரம் என்று வந்ததும் நேற்றுவரை கோபப்பட்ட இளைஞன் தானே ஒடுக்குகிறவனாக மாறிப்போவதைச் சொல்லும் பாட்டு. பாசிசம் வெளியிலிருந்து வருவதில்லை, நம் தொழிற்சாலை வாசலிலேயே ஆள் எடுக்கிறது என்கிறது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தை இவ்வளவு நேராகச் சொன்ன ராக் பாட்டு குறைவு.

அப்புறம் 'தி கன்ஸ் ஆஃப் ப்ரிக்ஸ்டன்'. நான் பேஸ் வாசிப்பவன், அதனால் இதைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்வேன். எழுதியதும் பாடியதும் குழுவின் பேஸ் வாசிப்பாளர் பால் சிமனன். தெற்கு லண்டனின் ப்ரிக்ஸ்டன் பக்கம் வளர்ந்தவர். குழுவுக்கு வந்த பிறகுதான் பேஸையே கற்றுக்கொண்டார். ஜமைக்காவின் ரெக்கே இசைப் பாணியில் கனமான ஒரு வரி, இடையிடையே மூச்சு விடும் இடைவெளி, திரும்பத் திரும்ப அதே வரி. விரலுக்குச் சிரமமே இல்லை, ஆனால் அந்த இடைவெளிகளைச் சரியாக விடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். போலீஸ் கதவை உடைத்தால் நீ எப்படி வெளியே வருவாய் என்ற கேள்வியை அவர் தட்டையான, பயிற்சியில்லாத குரலில் கேட்கிறார். அந்தக் குரலால்தான் நம்ப முடிகிறது. 1981 ஏப்ரலில் ப்ரிக்ஸ்டனில் கலவரம் வெடிப்பதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே வந்த பாட்டு இது.

ஒலிப்பதிவு வடக்கு லண்டன் ஹைபரியில் இருந்த வெசெக்ஸ் ஸ்டுடியோவில் நடந்தது. தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் நாற்காலிகளை வீசியும் ஏணியைச் சுழற்றியும் குழுவை உசுப்பேற்றியவர். 'பிராண்ட் நியூ கேடிலாக்' போகப்போக வேகமெடுக்கும். அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், நல்லவேளை.

குறையும் உண்டு. 'லவர்ஸ் ராக்' உபதேசம் மாதிரி நீள்கிறது. நாலாம் பக்கம் அங்கே தொய்ந்து, 'ரெவல்யூஷன் ராக்' வந்துதான் நிமிர்கிறது. கடைசியில் வரும் 'ட்ரெயின் இன் வெய்ன்' காதல் முறிவுப் பாட்டு. அட்டை அச்சான பிறகு சேர்த்ததால் முதல் பதிப்பின் பட்டியலில் அதன் பெயர் இல்லை.

விலை விஷயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். 19 பாட்டுகள், இரண்டு தட்டுகள், ஆனால் ஒரு தட்டின் விலைக்கு விற்க வேண்டும் என்று குழு பிடிவாதமாக நின்றது. இரட்டைத் தட்டுக்கு சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனம் சம்மதிக்கவில்லை, இலவசமாக ஒரு 12 அங்குல சிங்கிள் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள தட்டு) சேர்க்க மட்டும் ஒப்புக்கொண்டது. அந்தச் சிங்கிளே ஒன்பது பாட்டு உள்ள இரண்டாவது தட்டாக வளர்ந்தது. வேலையில்லாத பையன்களைப் பற்றிப் பாடிவிட்டு அவர்களால் வாங்க முடியாத விலை வைக்கக் கூடாது என்பதில் நானும் அவர்கள் கட்சி. அடுத்த ஆண்டு வந்த மூன்று தட்டு 'சாண்டினிஸ்டா!'வுக்கு விலை குறைய, தங்கள் ராயல்டியிலேயே கை வைத்துக்கொண்டார்கள்.

மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். செயலியில் கேட்பவர்கள் பாட்டுகளைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். முழுசாகக் கேட்க நேரமில்லையென்றால் ஆறாவது பாட்டான 'ஸ்பானிஷ் பாம்ப்ஸ்' தொடங்கி பத்தாவது வரை கேளுங்கள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து.