விக்ரம் வேதாவா, சுழலா?

இரண்டுமே புஷ்கர்-காயத்ரியின் கைவண்ணம். ‘விக்ரம் வேதா’ (2017) அவர்களே இயக்கிய படம். ‘சுழல்’ (2022) அமேசான் பிரைமில் வந்த தொடர். எழுத்து அவர்களுடையது, இயக்கம் பிரம்மாவும் அனுசரணும். இரண்டுக்கும் இசை சாம் சி.எஸ்.

படம் விக்கிரமாதித்தன்-வேதாளம் கதையை அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. ஊரெல்லாம் தேடும் ரவுடி வேதா (விஜய் சேதுபதி) தானே வந்து சரணடைகிறான், விசாரணை அறையில் உட்கார்ந்து ‘ஒரு கதை சொல்லட்டா சார்?’ என்று ஆரம்பிக்கிறான். கதை முடியும்போது போலீஸ் விக்ரமாக வரும் மாதவனின் முகத்தைப் பாருங்கள். அதுவரை அவரிடம் இருந்த திமிர் லேசாக ஆட்டம் காணும். விஜய் சேதுபதியோ குரலை உயர்த்தாமலே காரியத்தை முடித்துவிடுகிறார்.

சுழலின் முதல் சீசனில் 8 எபிசோடுகள். சிமெண்ட் ஆலையில் தீ, அதே நேரத்தில் ஒரு பெண் காணாமல் போகிறாள், ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. வேஷம் கட்டி ஆடும் கூட்டமும் விசாரணையும் ஒன்றாக நகர்வது அருமை. யூனியன் தலைவராகப் பார்த்திபன், இன்ஸ்பெக்டராக ஸ்ரேயா ரெட்டி: இருவருக்கும் குடும்பம், பகை, பயம் எல்லாவற்றுக்கும் தொடரில் இடமிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு எபிசோடிலும் சந்தேகத்தை வேறொருவர் மேல் திருப்பிவிடுவது ஒரு கட்டத்தில் அலுக்கிறது. நடுவில் ஒரு எபிசோடைக் குறைத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

இரண்டாம் முறை பார்ப்பதென்றால் என் ஓட்டு படத்துக்குத்தான். கதிருக்காக மட்டும் என்றால் சுழல். படத்தில் வேதாவின் தம்பி புள்ளியாகக் கொஞ்ச நேரமே வந்தவர், இங்கே எஸ்.ஐ. சக்கரையாக முழுக் கதையையும் தூக்கிச் சுமக்கிறார்.